சிஞ்ஞோரா தந்த சிமிக்கிப் பூ

ஃபூக்சியா மொட்டை இரண்டு விரல்களுக்கு நடுவில் வைத்து மெல்ல அழுத்தினால் "பட்" என்று ஒரு சின்னச் சத்தத்தோடு வெடிக்கும். விரல் நுனியில் ஒரு பொட்டு ஈரம் ஒட்டும், உள்ளே மடிந்து கிடந்த ஊதா இதழ்கள் வேளைக்கு முன்னமே வெளியே தெரியும். எங்கள் வீட்டில் இந்த விளையாட்டுக்குத் தடை. அம்மாவின் வாயில் அதன் இத்தாலியப் பெயர் நுழையவில்லை. காதிலிருந்து தொங்குவதைப்போலத் தலைகீழாகத் தொங்கும் அந்தப் பூவை அவர் "சிமிக்கிப் பூ" என்றார், நாங்களும் அப்படியே சொன்னோம்.

இத்தாலியின் பலேர்மோ நகரில், போர்கோ வெக்கியோச் சந்தைக்குப் பின்னால் ஒரு நிலத்தள வீட்டில் அப்போது குடியிருந்தோம். அப்பா துறைமுகப் பக்கத்து உணவகம் ஒன்றில் பாத்திரம் கழுவினார். அம்மா லிபெர்த்தா வீதியில், சிஞ்ஞோரா என்று நாங்கள் அழைத்த ஓர் இத்தாலிய மூதாட்டியைப் பராமரித்தார். வீட்டின் பின்னால் நான்கு பக்கமும் உயர்ந்த சுவர்களுக்கு நடுவே ஒரு முற்றம் இருந்தது. வெயில் நின்று பார்க்காத அந்த இடத்தில் அம்மா வைத்த கறிவேப்பிலை சீக்குப் பிடித்தது போல நின்றது, மிளகாய் பூத்துப் பூத்து உதிர்ந்தது. அதனால் சிஞ்ஞோரா தன் பல்கனியிலிருந்து ஒரு ஃபூக்சியாக் கன்றைச் சின்ன மண்சட்டியோடு அம்மாவின் கையில் திணித்தபோது அதுவும் தங்காது என்றுதான் நினைத்தோம். ஆனால் அந்தச் செடிக்கு வேண்டியதே நிழலும் ஈரமும்தான். அம்மா அரிசி கழுவின தண்ணீரை ஆறவிட்டு ஊற்றினார், பக்கக் கிளை வரட்டும் என்று கொழுந்தைக் கிள்ளினார், ஆபிரிக்காப் பக்கமிருந்து சிரோக்கோக் காற்று சுட்டுக்கொண்டு வந்த நாட்களில் ஈரத் துணியால் மூடிவைத்தார். இலையுதிர்காலம் முழுவதும் அது பூத்தது.

சிஞ்ஞோராவுக்கு அப்போதே நினைவு பிசகத் தொடங்கியிருந்தது. கரண்டியை அலமாரிக்குள் உடுப்புகளோடு மடித்து வைப்பார், சாப்பிடத் தந்த பாணைத் தலையணைக்கு அடியில் வைப்பார். அவருடைய மகள் பவோலா வாரத்தில் இரண்டு மூன்று தடவை வந்து போவாள். கிறிஸ்து பிறப்பின் நத்தார்ப் பூசைக்குத் தாயை அலங்கரிக்கப் பெட்டியைத் திறந்தபோதுதான், சிவப்புப் பவளம் வைத்த பொன் வளையத் தோடுகளில் ஒன்றைக் காணவில்லை என்று பவோலா கண்டாள்.

பள்ளிக்கூட விடுமுறை என்பதால் அன்றைக்கு நானும் அம்மாவோடு போயிருந்தேன். பவோலா எங்களைச் சமையலறையில் நிறுத்தி, அம்மாவைப் பாராமல் என்னைப் பார்த்துக் கதைத்தாள்.

"உன் அம்மாவிடம் கேள். தோடு எங்கே?"

அம்மாவுக்கு அவ்வளவு இத்தாலிய மொழி விளங்காமலில்லை. ஆனாலும் நான் தமிழில் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார்.

"தெரியாது எண்டு சொல்லு பிள்ளை. நான் காணேல்லை எண்டு சொல்லு."

சொன்னேன். பவோலா தலையை ஆட்டினாள். அதற்குப் பிறகு அவள் வேலைநேரத்தில் சொல்லாமல் வரத் தொடங்கினாள். அம்மா வீட்டுக்குப் புறப்படும்போது பையைத் திறந்து காட்டச் சொன்னாள். சிஞ்ஞோராவின் படுக்கையறை அலமாரிக்குப் பூட்டு வந்தது. அம்மாவை நிறுத்திவிடவும் அவளால் முடியவில்லை, தாயைக் குளிப்பாட்ட வேறு ஆளில்லை. அம்மாவாலும் விட முடியவில்லை, வதிவிட அனுமதியான "பெர்மெஸ்ஸோ"வைப் புதுப்பிக்க அந்த வேலை வேண்டும். ஒருத்தியை ஒருத்தி நம்பாத இரண்டு பெண்கள் ஒரு கிழவியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி இருத்தினார்கள்.

சந்தேகம் ஒருமுறை வந்தால் ஒரு வீட்டோடு நிற்பதில்லை. அம்மா சிஞ்ஞோராவுக்குக் கால் பயிற்சி கொடுக்க வருகிறவனைச் சந்தேகித்தார், கட்டடத்தின் காவல்காரனைச் சந்தேகித்தார், சில நாள் பவோலாவே எடுத்து ஒளித்துவிட்டு நாடகம் போடுகிறாள் என்றார். கோயிலில் எங்கள் தமிழ்ப் பெண்கள் இருவர் தலை குனிந்து கதைத்தால் தன்னைப் பற்றித்தான் என்று எண்ணி, பூசை முடியும் முன்னமே என்னை இழுத்துக்கொண்டு வெளியேறினார்.

தை மாதத்தில் ஒரு நாள் அம்மா உடுப்பு அழுத்திக்கொண்டிருந்தார். மேசையிலிருந்து அப்பா, சத்தத்தைத் தாழ்த்திக் கேட்டார்.

"இஞ்சாரும், நீர் எடுக்கேல்லைத்தானே?"

அம்மா அழுத்திப்பெட்டியை நிமிர்த்தி வைத்தார். சட்டையை மடித்து அப்பாவின் பக்கத்தில் வைத்துவிட்டு முற்றத்துக்குப் போய்ச் செடிக்கு முன்னால் குந்தி, பழுத்த இலைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். அப்பா என்னைப் பார்த்து, "சும்மா கேட்டனான்" என்றார்.

குளிர் விடும் காலத்தில் ஃபூக்சியாவைக் கத்தரித்துப் பெரிய சட்டிக்கு மாற்ற வேண்டும். ஒரு ஞாயிறு பின்னேரம் அம்மா சட்டியைக் கவிழ்த்துத் தட்டினார். மண் சட்டியின் வடிவத்திலேயே முழுதாகக் கழன்று வந்தது, வெளியெல்லாம் வெள்ளை வேர். அடிப்பக்கத்தில் ஏதோ சிவப்பாகத் தெரிந்தது. நான் விரலை நீட்டினேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டார்.

தோடுதான். செடியைத் தருவதற்கு முன்பு சிஞ்ஞோரா எந்த நேரத்தில் எந்த நினைவில் அதை மண்ணுக்குள் புதைத்தாரோ தெரியாது. பொன் வளையத்துக்குள்ளால் வேர்கள் புகுந்து, மறுபக்கம் பிரிந்து, திரும்பவும் பின்னிப் பிடித்திருந்தன.

அப்பா வந்து குனிந்து பார்த்தார்.

"கடலுக்கை எறிஞ்சுபோட்டு விடும். இப்ப கொண்டுபோய்க் குடுத்தா நீர்தான் எடுத்தனீர் எண்டு நினைப்பினம். பொலிசுக்குப் போனா எல்லாருக்கும் கரைச்சல்."

"எறிஞ்சாத்தான் நான் எடுத்ததா இருக்கும்" என்றார் அம்மா.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போகவிடாமல் மறித்து என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வேரும் மண்ணும் தோடுமாகச் செடியை ஈரத் துணியில் சுற்றி, குழந்தையைத் தூக்குவதைப் போல மார்போடு அணைத்து லிபெர்த்தா வரைக்கும் நடந்தார். பவோலாவை வரச்சொல்லி, சமையலறை மேசையில் துணியை விரித்தார். நான் வாயைத் திறக்கும் முன்னமே அம்மா இத்தாலிய மொழியில் தானே சொன்னார்.

"பாருங்கள். தொடாமல் பாருங்கள்."

பவோலா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள். வளையத்தைப் பிடித்து இழுத்தாள், வரவில்லை. வேரை விரலால் நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். ஒரு நாளில், ஒரு கிழமையில் நடக்கிற காரியம் அல்ல, செடி தாயின் பல்கனியில் நின்றபோதே தோடு உள்ளே போயிருக்கிறது என்பது அவளுக்கு விளங்கியது. பிறகு நகம் வெட்டும் கத்தரிக்கோலை எடுத்துவந்து வேர்களை வெட்டித் தோட்டை எடுத்தாள். சுவரைப் பிடித்து நடந்து வந்த சிஞ்ஞோரா தோட்டைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. செடியைத் தடவி, "பாவம், யார் இதை இப்படி வெட்டியது?" என்றார்.

பவோலா என்னிடம் கேட்டாள். "ஏன் இவ்வளவு நாளும் சொல்லவில்லை?"

"நேற்றுத்தான் கண்டனான் எண்டு சொல்லு" என்றார் அம்மா.

"கிராட்ஸியே" என்று நன்றி சொன்னாள் பவோலா. பையைத் திறந்து பார்ப்பது அன்றோடு நின்றது. அலமாரிப் பூட்டு மட்டும் சிஞ்ஞோரா இறக்கும்வரை இருந்தது.

வெட்டுப்பட்ட செடி ஒரு மாதம் அசையாமல் நின்றுவிட்டுத் துளிர்த்தது. அம்மா அதில் தண்டு வெட்டி வெட்டி முற்றமெங்கும் நட்டார். சில வருடங்களுக்குப் பிறகு ஓர் ஆடி மாதத்தில் விடாமல் அடித்த சிரோக்கோவில் எல்லாம் கருகின. இப்போது அந்த வீடு உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் இடம். முற்றத்துக்கு ஓடு பதித்து இரும்புக் கதிரைகள் போட்டிருக்கிறார்கள், கதவில் எண் அழுத்தித் திறக்கும் பூட்டு. சந்தைப் பக்கம் போகும்போது நான் அங்கே நிற்பதில்லை.

போன வசந்தத்தில் அம்மாவையும் அப்பாவையும் நகரத்துக்கு வெளியே உள்ள ஒரு நாற்றுத்தோட்டத்துக்குக் காரில் கூட்டிப் போனேன். ஃபூக்சியா வரிசையாகத் தொங்கியது. ஒன்று வாங்கித் தரவா என்று கேட்டேன்.

"வேண்டாம் பிள்ளை."

"பவோலாவை நினைச்சோ?"

"அவ கேக்கத்தான் செய்வா. அவவுக்கு என்னை என்ன தெரியும்?"

பின்னால் சட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா நிமிரவில்லை.

"நான் ஒருக்காத்தான் கேட்டனான்" என்றார்.

"ஓம்" என்றார் அம்மா. "ஒருக்காத்தான்."