கடைக்காரர் கேட்ட கப்பல்

இன்று மூக்கண்டப்பள்ளி ஸ்டேஷனரி கடையில் என் மானம் போனது.

பர்கூரில் இன்ஜினியரிங் படிக்கும் மகள் லீவுக்கு வந்திருக்கிறாள். அவளோடு பேனா வாங்கப் போனேன்.

கடைக்காரருக்கு ஒரே ஆச்சரியம். "இதுதான் அந்தப் பாப்பாவா சார்? மாசம் ஒரு கிராஃப்ட் கிட் வாங்கறீங்களே, எட்டாவது படிக்குதுன்னு இல்ல நெனச்சேன்!"

மரத் துண்டுகளை ஒட்டிக் கப்பல், வண்டி என்று செய்கிற அந்த கிட் எல்லாம் எனக்குத்தான். நாற்பத்தெட்டு வயதில் அதைச் சொல்லக் கூச்சப்பட்டு, மகளுக்கு என்று சொல்லி வாங்கியிருந்தேன்.

"நீ செஞ்ச மரக் கப்பல் ஒண்ணு கொண்டாம்மா. ஷோகேஸ்ல வெக்கறேன்" என்றார் அவளிடம்.

நான் பேனாக்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள்தான் சொன்னாள்: "ஞாயித்துக்கெழம கொண்டாரேண்ணா."

வெளியே வந்ததும் கேட்டாள்: "ஏம்பா, அதுல ஒண்ணாவது ஒட்டியிருக்கியா?"

இல்லை. கம்பெனியில் வந்திறங்கும் உதிரிபாகங்களைச் சரிபார்ப்பது என் வேலை. வீட்டிலும் அதையேதான் செய்கிறேன். பெட்டியைத் திறப்பேன். லிஸ்டை வைத்து எல்லாத் துண்டும் இருக்கிறதா என்று பார்ப்பேன். எதுவும் குறையவில்லை என்றால் அப்படி ஒரு திருப்தி. மூடி பீரோ மேல் வைத்துவிட்டு, அடுத்த மாதம் இன்னொன்று வாங்குவேன்.

என் பொய்யைக் காப்பாற்ற அவளும் ஒரு பொய் சொல்ல வேண்டியதாகிவிட்டது. அதை நினைத்தால்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

இன்று வெள்ளி. பசை காயவே ஒரு நாள் ஆகுமாம். யாரிடமாவது செய்து முடித்த மரக் கப்பல் இருந்தால் சொல்லுங்கள். பாய்மரம் கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, நானே செய்தது போல இருக்கும்.