தவறாகப் போன வழிகள்

என் மகளின் ஆராய்ச்சி நெறியாளரை ஒரே ஒருமுறைதான் சந்தித்தேன், கரிக்கலாம்பாக்கத்தில் வயலை மனையாக்கிக் கட்டிய அவர் வீட்டில். ஒல்லியான மனிதர். எதுவும் எழுதாமலே பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார்.

நான்கு வருடமாக ஒரே கணிதச் சிக்கலோடு போராடிய மகள், பலிக்காத வழிகளையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி அவரிடம் கொடுத்திருந்தாள். அவளைக் கேட்காமலே அவர் அதை ஒரு கம்பெனியின் ஏஐ-யிடம் கொடுத்தார். அது நிரூபணத்தை முடித்துவிட்டது. கட்டுரையில் அவள் பெயர் இல்லை. அன்றிலிருந்து மகள் சரியாகச் சாப்பிடவில்லை.

“அவ பேரயும் போடுங்க சார்,” என்றேன்.

“தப்பா போன வழிக்கு இன்னாம்மா பேரு? வழி தெரியாம நின்னவங்க பேரயெல்லாம் பஸ் ஸ்டாண்டுல எழுதி வைக்கிறாங்களா?”

“அந்த நிரூபணம் உங்களுக்குப் புரிஞ்சிதா சார்?”

“இல்ல. யாருக்கும் புரியல. உங்க பொண்ணே வரி வரியா சரி பாக்கட்டும். எங்கெங்க வழுக்கும்னு அவளுக்குத்தான் தெரியும்.”

“தப்பு இருந்தா?”

“சொன்னா மிஷினே திருத்திக்கும்மா. எல்லாருக்கும் நல்லதுதானே?”

குரலில் கேலியே இல்லை. வெளியே மழை தூறியது. வில்லியனூர் பஸ் வரும்வரை எனக்குக் குடை பிடித்து நின்றார். “பொண்ண நல்லா சாப்பிடச் சொல்லுங்க,” என்றார்.

மகள் இப்போது சரிபார்க்கிறாள். போன வாரம் ஒரு பிழை அகப்பட்டது. “அவருகிட்ட சொல்லட்டுமாம்மா?” என்று கேட்டாள். “கொஞ்சம் பொறு,” என்றேன். அந்த மனிதர் சொன்னதில் எங்கே பிழை என்று நானும் வரி வரியாகத் தேடுகிறேன், அகப்படவில்லை.