காளான் குழம்பில் முதல் கிண்ணம்

ஜீனா தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவள். இடி இடித்துப் பெய்த மழைக்கு மறுநாள், அவள் வீட்டு வேலியோரக் கரிசலில் குடை குடையாகக் காளான் முளைத்திருந்தது. வழக்கமான வெள்ளை இல்லை, மஞ்சள். தின்னலாமா கூடாதா தெரியவில்லை. விடவும் மனசில்லை. பறித்துக் குழம்பு வைத்தாள். முதல் கிண்ணத்தைப் பக்கத்து வீட்டு இசக்கியம்மாளுக்குக் கொடுத்துவிட்டு, தன் பிள்ளைகளுக்கு ரசத்தை ஊற்றினாள்.

"குழம்பு நாளைக்குலே."

விடிந்து, இசக்கியம்மாள் வாசல் தெளிப்பதைப் பார்த்த பிறகுதான் பிள்ளைகளுக்குக் குழம்பைச் சுடவைத்தாள்.

குழாயடியில் இசக்கியம்மாள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்: "கறி தோத்துப்போவும்! பெத்த பிள்ளையளுக்கு வைக்கதுக்கு முன்ன எனக்குல்லா தந்தா. அந்த மனசு யாருக்கு வரும்?"

குடத்தைப் பிடிக்கக் குனிந்த ஜீனா, அது நிரம்பி வழிந்தும் நிமிரவில்லை.