தோளில் விழுந்த கட்சித் துண்டு

நாற்பது வருடமாக அரசியல் செய்தி எழுதுகிறேன். இரண்டு புத்தகங்களும் போட்டிருக்கிறேன். பொதுக்கூட்டத்தில் பத்திரிகையாளர் வரிசையில் உட்காரவே மாட்டேன். மக்களோடு உட்கார்ந்தால்தான் தலைகளை எண்ணலாம், முணுமுணுப்பையும் கேட்கலாம்.

போன மாதம் ஒத்தக்கடைக் கூட்டத்தில் அந்தப் பழக்கமே எமனாக வந்தது. மேடையில் பேசியவர் திடீரென்று என் பெயரைச் சொன்னார். "நம்மளக் கேவலமா எழுதுன ஆளு இங்கனதான் உக்காந்திருக்காராம். தேடுங்கடா!"

ஐந்து பேர் வரிசை வரிசையாக விசாரித்துக்கொண்டே வந்தார்கள். எழுபத்திரண்டு வயதில் எங்கே ஓடுவது? அவர்கள் நெருங்கியபோது, பக்கத்து நாற்காலிப் பெண் தன் கட்சித் துண்டை என் தோளில் போட்டார்.

"யாருக்கா இவரு?"

"எங்க சித்தப்பா. கொட்டாம்பட்டியிலருந்து எங்க வேன்லதான் வந்தாரு. காது கேக்காது. அங்கிட்டுப் போப்பா."

அவர்கள் நகர்ந்ததும் என் பக்கம் குனிந்தார்.

"நாங்க பிரியாணிக்கு வந்த கூட்டம்னு எழுதுனது நீங்கதானய்யா? அவனுக பேப்பர் படிக்க மாட்டானுக. நான் படிப்பேன். அதுல போட்ட படத்துலயும் இதே மூஞ்சிதான்."

"பிறகு எதுக்கும்மா காப்பாத்துன?"

"வயசான மனுசன் அடி வாங்குறதப் பாக்கவா வேன் ஏறி வந்தேன்? துண்ட எடுக்காமப் போயி பஸ் ஏறுங்க."

வில்லாபுரத்தில் என் வீட்டுப் பக்கம் வந்து இறங்கிய பிறகுதான் துண்டைத் தோளிலிருந்து எடுத்தேன்.

இப்போதும் கூட்டங்களுக்குப் போகிறேன், பயந்துகொண்டுதான். அடிக்க வருகிறவர்களை நினைத்து மட்டுமல்ல. அந்தப் பெண் எதிரே வந்து, "இந்தத் தடவை எங்கள என்னன்னு எழுதுனீங்க?" என்று கேட்டால் என்ன சொல்வேன் என்பதே பெரிய பயம்.