கிணறு கிழக்கே, தோப்பு மேற்கே

காலை ஆறு மணி பத்து நிமிடம். மலையில் மேகம் இறங்கிக் கிடந்தது. காற்றில் ஈரம் இருந்தது, மழை இல்லை. சாலைப் பணியில் நில அளவையாளருக்கு வாய்க்கும் நல்ல நேரம் இதுதான். வெயில் ஏறிவிட்டால் தரையிலிருந்து எழும் அனலில், கருவிக்குள் தெரியும் குறி நடுங்கும். குறி நடுங்கினால் அளவும் நடுங்கும். கருவியைத் தோளில் சுமந்துகொண்டு வரப்பில் வழுக்கி விழுந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மதுரையையும் கொல்லத்தையும் இணைக்கும் நான்குவழிச் சுங்கச்சாலைக்காக இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் அளந்து திரிகிறேன். அதில் சோழபுரத்தை ஒட்டிய ஒரு தோப்பில் நடந்தவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

நாயின் வழக்கம்

தோப்பின் வாயிலில் ஒரு வெள்ளை இராஜபாளையம் நாய் நின்றது. அது குரைக்கவில்லை, அதுதான் அச்சமூட்டியது. என் உதவியாளர் சுப்பையா ஐம்பதைக் கடந்தவர். அளவுக் கம்பை ஈட்டிபோல் முன்னால் நீட்டியபடி, எனக்குப் பின்னால் பத்திரமாக நின்றுகொண்டார்.

தோப்புக்காரர் ராமுத்தாய் மம்பட்டியுடன் வந்தார். கணவர் ராணுவத்தில் இருப்பதால் மரம், மோட்டார், நாய் எல்லாம் அவர் பொறுப்பு. கடிக்குமா என்று கேட்டேன். "ஆளையெல்லாம் கடிக்காது யக்கா. கம்பைத் தூக்கிட்டு அளக்க வாரவுகளைத்தான் கடிக்கும்."

கட்டுப் போட்ட மரங்கள்

சாலையின் எல்லைக்குள் விழும் மரங்களுக்குச் சிவப்பு நாடா கட்டுவது எங்கள் வழக்கம். அன்று நாடா தீர்ந்துபோயிற்று. சுப்பையாவின் மனைவி இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி தயாரிக்கும் கம்பெனியில் வேலை பார்க்கிறார். அங்கே கழித்துப் போட்ட துணிச்சுருள்களைச் சுப்பையா கொண்டுவந்து, வெட்ட வேண்டிய மரங்களுக்கெல்லாம் வெள்ளை வெளேரென்று கட்டிவிட்டார்.

மறுநாள் போய்ப் பார்த்தால், நாங்கள் விட்டுவந்த மீதித் துணியில் எல்லைக்கு வெளியே நின்ற தென்னைகளுக்கும் கட்டு. மாமரத்துக்கு இரட்டைக் கட்டு. எது விழும் மரம், எது நிற்கும் மரம் என்று எனக்கே விளங்கவில்லை. "ஏத்தா, யாரைக் கேட்டு நீ கட்டுன?" என்று சுப்பையா கொதித்தார்.

ராமுத்தாய் அவரைவிட அதிகமாகக் கொதித்தார். "கட்டுப் போடுறது பிழைக்க வைக்கத்தானே அண்ணாச்சி? வெட்டப் போற மரத்துக்கு எவனாச்சும் மருந்துத் துணி கட்டுவானா?"

கீழே போகும் குழாய்

ஒவ்வொரு மரமாக மறுபடியும் அளந்தோம். அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. நிற்கப்போகும் மரங்கள் எல்லாம் வரவிருக்கும் சாலைக்கு மேற்கே இருந்தன. கிணறு கிழக்கே இருந்தது. வாய்க்கால் எதுவும் இல்லாமலே மரங்களின் தூரில் தண்ணீர் நின்றது. கிணற்றிலிருந்து பூமிக்கடியில் பிளாஸ்டிக் குழாய் போட்டிருப்பதாக ராமுத்தாய் சொன்னார். எங்கள் வரைபடத்தில் கிணறு இருந்தது. புதைந்த குழாய் இல்லை.

அன்று மாலைக்குள் மரங்களை வெட்டிவிட்டு, அடுத்த நாள் அங்கே செம்மண் கொட்டி, ரோலர் ஓட்டி, ஆள் உயரத்துக்கு மேல் மேடு எழுப்புவதாக இருந்தது. இதைச் சொன்னதும் ராமுத்தாய் சிரித்தார். தாரை மேலேதானே ஊற்றுவீர்கள், குழாய் பாட்டுக்குக் கீழே போகட்டுமே என்றார். ரோலரின் கீழ் குழாய் நொறுங்கிவிடும் என்பதையும், மேடு எழுந்தபின் அதைத் தோண்ட யாரும் விடமாட்டார்கள் என்பதையும் பொறுமையாக விளக்கினேன். சிரிப்பு நின்றது. மரங்களைத் திரும்பிப் பார்த்தார். "வெட்டுன மரம் ஒரே நாள்ல போயிரும் யக்கா. இதுக தண்ணியில்லாம நான் பாக்கப் பாக்கவுல்ல சாகும்?"

குடை

தள என்ஜினீயர் பிரகாஷ் இளகிய மனம் உள்ளவர். ஆனால் வரைபடத்தில் இல்லாத எதையும் தொடத் தயங்குவார். மீந்துபோன காங்கிரீட் குழாய்கள் களத்தில் சும்மா கிடப்பதை நினைவூட்டினேன். அவற்றை மேட்டுக்கடியில் குறுக்கே பதித்தால், ராமுத்தாயின் குழாய் அவற்றுக்குள் பத்திரமாகப் போகும். பிரகாஷ் மேலதிகாரியிடம் போனில் நெடுநேரம் பேசினார். பிறகு, மண் லாரிகள் வருவதற்குள் பதிக்க வேண்டிய மட்டத்தை அளந்து கொடுத்தால் செய்துவிடலாம் என்றார்.

மறுநாள் விடியலில் சாரல் பிடித்துக்கொண்டது. ராமுத்தாய் ஓடிவந்து என் தலைக்கு மேல் குடை பிடித்தார். கருவிக்குப் பிடிக்கச் சொன்னேன். நானும் சுப்பையாவும் நனைந்தோம். கருவி நனையவில்லை, குடைக்குள் வந்து அமர்ந்துகொண்ட நாயும் நனையவில்லை. ராமுத்தாய்க்குத் தாங்கவில்லை. "படிச்ச பொம்பள நனையுது, மிஷினுக்குக் குடை! நல்ல பொழப்பு யக்கா ஒங்க பொழப்பு."

தாண்டியது

சாரல் ஓய்ந்தது. லாரிகள் வரிசையாகக் காத்து நிற்க, பொக்லைன் பள்ளம் தோண்டியது. காங்கிரீட் குழாய்கள் இறங்கின. அவற்றுக்குள் பிளாஸ்டிக் குழாயை இழுத்துப் பொருத்தினார்கள். ராமுத்தாய் மோட்டாரைப் போடக் கிணற்றடிக்கு ஓடினார். நாங்கள் மேற்கே, முதல் தென்னையின் தூரில் நின்றோம். குழாய் இருமியது, செம்மண் கலங்கலைத் துப்பியது, பிறகு தெளிந்த தண்ணீர் வந்தது. பிரகாஷ் குனிந்து முகம் கழுவிக்கொண்டார்.

மூச்சு வாங்க வந்த ராமுத்தாய் முதலில் தண்ணீரைப் பார்த்தார். அப்புறம், சாலை வரப்போகும் அகலத்தைப் பார்த்தார். "என் தண்ணி தாண்டிருச்சு யக்கா. இனி மோட்டாரைப் போட நான் எப்படித் தாண்டுறதாம்?"

அடுத்த நாள் காலையில், பிரகாஷ் வரைபடத்தில் விடுபட்ட ஒரு கோட்டைச் சேர்த்தார். சுப்பையா சிவப்பு நாடா வாங்க இராஜபாளையத்துக்குப் பஸ் ஏறினார். நான் தும்மிக்கொண்டே சுந்தரபாண்டியம் பக்கம் அளக்கப் போனேன். நாய், நான் நட்டுவைத்த முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு தோப்புக்குள் போனதாகக் கேள்வி. ராமுத்தாய் நிற்கும் மரங்களின் கட்டுகளை அவிழ்க்காமல் அப்படியே விட்டுவிட்டு, ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு, தொலைவில் சாலை மேட்டுக்கடியில் கட்டியிருக்கும் சுரங்கப்பாதை வழியாகச் சுற்றிப் போய் மோட்டாரைப் போட்டார்.

ஒருநாள் இந்தச் சாலை திறந்த பிறகும், சுங்கமும் கட்டாமல் சுற்றியும் போகாமல் அதைக் கடக்கிற ஒரே பயணி அந்தக் கிணற்றுத் தண்ணீராகத்தான் இருக்கும்.