சைக்கிளுக்குள் வைத்த கடிதம்

மார்ச் 8 — 1,850
ஜூலை 19 — 1,850
செப்டம்பர் 6 — 2,100

மூன்று ரசீதிலும் ஒரே வாசகம்: "பெடல் அச்சு பேரிங் மாற்றியது."

சைக்கிள் என் தங்கையுடையது. மலைப்பாதைக்கென்று செய்த கியர் சைக்கிள், வண்டிக்கு வயது பத்தொன்பது. குடிநீர் அலுவலகத்துக்காக வீடு வீடாகப் போய் மீட்டர் பார்ப்பவள் அவள். நாளொன்றுக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர் மிதிப்பாள். 'மீட்டரக்கா' என்றால்தான் தெருக்காரர்களுக்குத் தெரியும்.

வலது காலை அழுத்தும்போதெல்லாம் வண்டியில் 'டக்' என்று ஒரு சத்தம். இரண்டு முறை பணம் கட்டியும் அது போகவில்லை. ஜூலை 26 அன்று கேட்கப் போனாள். நானும் கூடப் போனேன். கடைக்காரர் வண்டியைத் தொடக்கூட இல்லை.

"அக்கா, வண்டி தங்கமா ஓடுது. கோளாறு உங்க காதுல. போய்க் காட்டுங்க."

நின்றவர்கள் சிரித்தார்கள். அலுவலக சைக்கிள்களை எடுக்க வந்திருந்த அவளுடைய சூப்பர்வைசரும் சிரித்தார். அதோடு விட்டாரா? காது சரியில்லாதவளைச் சாலையில் அனுப்புவது ஆபத்து என்று எழுதி, ஆகஸ்ட் 4 முதல் பில் கவுண்டரில் உட்கார வைத்துவிட்டார். காதில் குறையில்லை என்ற டாக்டர் சீட்டைக் காட்டியபோதும் "பார்க்கலாம்மா" என்றுதான் சொன்னார்.

"அண்ணா, அந்தக் கடைக்காரன் சொன்னதை அவன் கையாலயே மாத்தி எழுதி வாங்குவேன்" என்றாள். இரண்டு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு. சமையலறையில் பழைய செய்தித்தாளை விரித்து வண்டியைச் சாய்த்தோம். சட்டத்தை நான் பிடித்துக்கொண்டேன். பெடல் கைகள் இரண்டும் கழன்றன. இடப்பக்க மூடியும் வந்தது. சங்கிலிப் பக்கம் மட்டும் அசையவில்லை. அந்தப் பக்கத்து மரை தலைகீழ். இறுக்குவதுபோலத் திருப்பினால்தான் கழலும். புத்தகம் பார்த்து அவள் கற்றிருந்தாள். நீண்ட ஸ்பேனரில் உடம்பையே போட்டு அழுத்தினாள். 'கறக்' என்று விட்டது.

வெளியே வந்த பேரிங் உருளை முழுக்கத் துரு. கிரீஸ் காய்ந்து கல்லாகியிருந்தது. விரலால் சுழற்றினால் மணல் அரைபடுவதுபோல நெறுநெறுத்தது.

"பத்தொன்பது வருஷமா இதை ஒருத்தனும் தொடலண்ணா."

"கொண்டுபோய் அவன் மூஞ்சில வீசு."

"வீசினா, பழசை நீங்களே மாட்டிட்டு வந்தீங்கன்னுவான். இருங்க."

மரைகளைத் துடைத்துப் புது கிரீஸ் தடவினாள். ஒரு கடிதம் எழுதி, பிளாஸ்டிக் உறையிலிட்டு, அந்தப் பழைய உருளையைச் சுற்றிக் கட்டி, அதையே திரும்ப மாட்டினாள். செப்டம்பர் 6 அன்று வண்டியை அதே கடையில் விட்டாள். மாலையில் மூன்றாவது ரசீது வந்தது. "புத்தம் புது பார்ட்டுக்கா" என்றார் கடைக்காரர். கடிதத்தைப் பற்றி மூச்சே விடவில்லை.

அடுத்த சனிக்கிழமை காலை கடையில் நல்ல கூட்டம், சூப்பர்வைசரும் இருந்தார்.

"தம்பி, போன வாரம் போட்ட அந்தப் புது பார்ட்டை எல்லாரும் பார்க்கட்டும். கழட்டுங்க."

"இப்பவா? வேலை கிடக்குதுக்கா."

"கழட்டித்தான் காட்டேன்யா" என்றார் சூப்பர்வைசர்.

பெடல் கைகளையும் இடப்பக்க மூடியையும் எடுத்துவிட்டு, சங்கிலிப் பக்கத்தில் ஸ்பேனரை வைத்து இடப்பக்கமாகத் திருப்பினார் கடைக்காரர். முக்கினார். சட்டை நனைந்தது. "துருப் பிடிச்சிருக்கு சார்."

"போன வாரம் போட்ட புதுசா?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

"அந்தப் பக்கம் தலைகீழ் மரை, தம்பி. கழட்டத் தெரியாமத்தான் மூணு தடவையும் பில்லை மட்டும் போட்டியா?" என்றாள் தங்கை.

ஸ்பேனரை வாங்கி ஒரே இழுப்பில் தளர்த்தினாள். துருப்பிடித்த உருளையோடு கடிதமும் வந்தது. அதை சூப்பர்வைசர் கையில் கொடுத்தாள். அவர் உரக்கப் படித்தார்: "இது உங்கள் கைக்குக் கிடைத்தால் நீங்கள் உண்மையாக வேலை செய்தவர். ஊரறிய மன்னிப்புக் கேட்கிறேன். கோளாறு என் காதில்தான்."

இந்த முறையும் கூட்டம் சிரித்தது. சூப்பர்வைசர் சிரிக்கவில்லை.

கடைக்காரர் கல்லாவைத் திறந்து மூன்று தொகையையும் எடுத்து நீட்டினார். அவள் தொடவில்லை.

"காசை நீயே வெச்சுக்க. என் காதைப் பத்திச் சொன்னதை எழுதிக் குடு."

எழுத்தில் வந்தால் பழைய வேலை என்றார் சூப்பர்வைசர். புது பேரிங்கை அவளே வீட்டில் மாட்டினாள். பிறகு தினமும் மாலையில், மூன்று ரசீதையும் ஹேண்டில்பாரில் ஒட்டி, வண்டியைக் கடை வாசலிலேயே நிறுத்தினாள். முதலில் வந்த கடிதத்தில் 'சிறு குழப்பம்' என்றிருந்தது, திருப்பி அனுப்பினாள். இரண்டாவதில் கையெழுத்தில்லை, அதையும் அனுப்பினாள். 'பேரிங்கை நான் மாற்றவே இல்லை. அவர் காதில் குறையில்லை' என்று கையெழுத்தோடு எழுதிய மூன்றாவது கடிதம், அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை, காலை 11.20க்கு வந்தது.