காலண்டர் அக்காவின் தெத்துப்பல்

போன வாரம் கிளேபாங்கில் ஒரு கடலோரக் கடையில் தேங்காய் ஷேக் குடித்துக்கொண்டிருந்தோம். மகள் கைப்பேசியில் ஏதோ ஜப்பான் தொடர் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். நரைத்த தலையோடு ஒரு பெண் சிரித்தாள். மேல்வரிசையில் ஒரு பல் மட்டும் துருத்திக்கொண்டு நின்றது.

"இவங்க எங்க காலண்டர் அக்கா" என்றேன். மகள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நீங்களாவது கேளுங்கள்.

நியாலாஸ் தோட்டத்திலிருந்து செங் என்ற ஊரில் ஒரு ஜப்பான்காரர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனபோது எனக்குப் பத்தொன்பது வயது. ஈயம் உருகும் வாசம் எங்காவது அடித்தால், அந்த ஓய்வறைச் சுவர் இன்றும் கண்முன் வந்துவிடும். அதில் ஜப்பானிலிருந்து வந்த ஒரு காலண்டர். பன்னிரண்டு மாதமும் அவள்தான். எனக்கும் அதே இடத்தில் அதே தெத்துப்பல். வாயைப் பொத்திச் சிரித்தே வளர்ந்தவள் நான்.

எங்களுக்கு வேலை பழக்க வந்திருந்த கெய்கோ என்ற ஜப்பான்கார அம்மா, அரைகுறை மலாயில் அந்தக் காலண்டர் அக்காவின் கதையைச் சொன்னார். மீன்பிடி ஊர்க்காரி. பதினேழு வயதில் துணிக்கடை விளம்பரங்களுக்கு நின்றாள். ஜப்பானில் இந்தப் பல்லை அழகென்பார்களாம். மற்ற பெண்கள் யாரும் நம்பவில்லை; நான் உடனே நம்பிவிட்டேன். பிறகு சினிமாவில் கதாநாயகி வாய்ப்பு வந்தது. பல்லை எடுத்துவிட்டு வா என்றார்கள். மாட்டேன் என்றாள். படம் வேறொருத்திக்குப் போனது. இரண்டு வருடம் ரொட்டிக்கடையில் வேலை செய்தாள். அப்புறம் ஒரு டிவி தொடரில் நர்ஸ் வேடம். நாலு காட்சிக்கென்று கூப்பிட்டவர்கள் கடைசிவரை அவளை விடவில்லை.

அந்த வருடமே எனக்கு ஜாசினிலிருந்து ஒரு வரன் வந்தது.

"பையன் வீட்டுக்குப் புடிச்சிருக்காம்" என்றார் அம்மா. "அந்தப் பல்ல மட்டும் புடுங்கிரச் சொல்றாங்க."

"அவருக்கு முன்மண்ட வழுக்க. நாம ஏதும் சொன்னமா?"

"அவரு ஆம்பளலா."

"அப்ப எனக்கு வேணாம்மா."

நான் அந்தக் காலண்டரில் முடிந்துபோன மாதத்தின் தாளைக் கேட்டு வாங்கிவந்து, தொழிற்சாலை விடுதியில் என் கட்டிலருகே ஒட்டினேன். வாயைப் பொத்துவதையும் அன்றோடு விட்டேன். அடுத்து வந்த இரண்டு வரன்களும் அதே பேச்சோடு வந்து அதே பதிலோடு போயின. முப்பத்தொரு வயதில் கட்டிக்கொண்ட லாரி டிரைவர், என் பல்லைக் கவனித்ததே கல்யாணத்துக்கு அப்புறம்தான் என்று இன்றும் சத்தியம் செய்கிறார். அவர் கண்ணாடி போட்டதும் அப்புறம்தான்.

நாற்பதுக்குமேல் காலண்டர் அக்காவுக்கு வேடங்கள் நின்றுவிட்டனவாம். மகள் தேடிப் படித்துச் சொன்னாள். சிறு ஊர்களில் மேடை நாடகம் போட்டே காலம் தள்ளியிருக்கிறாள். இப்போது இந்தத் தொடரில் ஊர்த்தலைவி.

செங்கில் அந்தத் தொழிற்சாலை இருந்த இடம் இன்று மேசை நாற்காலிக் கிடங்கு. விடுதியும் இல்லை, தோட்டத்தில் எங்கள் லயமும் இல்லை. என் பல்லும் போன வருடம் சொத்தையாகிப் போய்விட்டது. கட்டுப்பல் வைக்கவிருந்த இளம் டாக்டர், "நேரா வெச்சிருவோம் ஆண்ட்டி, அழகா இருக்கும்" என்றார்.

"கோணலாவே வைங்க தம்பி."

மாதிரிக்குப் பழைய படம் இருக்கிறதா என்று கேட்டார். கல்யாணப் படத்தை நீட்டினேன். அதில் நான் ஒருத்திதான் பல் தெரியச் சிரித்திருப்பேன்.